கோணமலைக்கு முதற் பயணம்

ஒரு குடும்பம் முதன்முதலாகச் சேர்ந்து புறப்படும் பயணத்தின் இன்பம், வண்டி ஏறும் நாளுக்கு நெடுநாள் முன்னரே தொடங்கிவிடுகிறது. எந்த நாளிற் செல்வது, எவ்வழியாற் செல்வது, எதனை முதலிற் காண்பது, சிறுவர்க்கு என்ன உணவு கொண்டுபோவது என்னும் ஆலோசனை இரவுதோறும் திண்ணையில் நடைபெறும். பிள்ளைகள் காணாத இடத்தைத் தம் மனத்தில் ஆயிரம் முறை கண்டுவிடுவார்கள். உலகின் எப்பகுதியிலும் இதுவே மனித இயல்பு. டென்மார்க்கு நாட்டின் தலைநகரான கொப்பன்கேகனில் 1843 ஆம் ஆண்டு திவோலி என்னும் கேளிக்கைப் பூங்கா திறக்கப்பட்டது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1955 ஆம் ஆண்டு யூலை 17 ஆம் நாள் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது. அன்று தொட்டு, அத்தகைய பூங்காக்களுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வது மேனாட்டுக் குடும்பங்களின் பெருங்கனவாயிற்று. அதற்கென மாதக்கணக்கிற் பணம் சேர்ப்பாரும் நாட்காட்டியில் நாட்களைக் கோடிட்டு அழிப்பாரும் பலர்.

ஈழத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு அத்தகைய பெருங்கனவு ஒன்று நெடுங்காலமாக உண்டு. அதுவே திருகோணமலைப் பயணம். கடலுட் பாய்ந்து நிற்கும் கோணமலைப் பாறையும், அதன் உச்சியிலுள்ள கோயிலும், மலையைச் சூழ்ந்த பழைய கோட்டையும், அதனுள் அச்சமின்றித் திரியும் புள்ளிமான்களும், நகரின் வடமேற்கே கன்னியாவிலுள்ள ஏழு வெந்நீர்க் கிணறுகளும், கப்பல்கள் அமைதியாகத் தங்கும் இயற்கைத் துறைமுகமும், நிலாவெளியின் வெண்மணற் கரையும் ஒரே இடத்தில் வாய்த்த பிறிதோர் ஊர் இந்நாட்டில் இல்லை எனலாம். இவற்றை எவரும் ஒரு பொறியியலாளரைக் கொண்டு வரைபடம் கீறி அமைக்கவில்லை. இயற்கையும் வரலாறும் சேர்ந்து அமைத்தவை இவை.

ஆயினும் கேளிக்கைப் பூங்காவுக்கும் கோணமலைக்கும் பெரியதொரு வேற்றுமை உண்டு. பூங்காவின் வாயில் சீட்டுக்கு உரிய பணம் கொடுத்தவர் அனைவர்க்கும் திறக்கும். கோணமலையின் வாயிலோ, வரலாற்றில் பலமுறை மூடியும் பலமுறை திறந்தும் வந்துள்ளது. திருகோணமலைக்குக் குடும்பங்கள் சென்று வந்த வரலாறு என்பது, உண்மையில், அவ்வாயில் எப்போது திறந்திருந்தது, எப்போது மூடியிருந்தது என்பதன் வரலாறே ஆகும்.

இப்பயணத்தின் தொடக்கத்தை நாடினால் நாம் ஏழாம் நூற்றாண்டுக்குச் செல்ல வேண்டும். திருஞானசம்பந்தர் கோணமாமலை மீது தேவாரப் பதிகம் பாடியுள்ளார். அவர் இலங்கைக்கு வரவில்லை என்றும், இராமேச்சரத்தில் நின்றவாறே கடலுக்கு அப்பாலுள்ள கோணேச்சரத்தையும் கேதீச்சரத்தையும் நினைந்து பாடினார் என்றும் மரபு கூறும். காணாத ஊரை மனத்தாற் கண்டு மகிழும் இயல்பு சிறுவர்க்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. பதினைந்தாம் நூற்றாண்டினராகிய அருணகிரிநாதரும் இத்தலத்தைத் திருப்புகழிற் பாடினார். குளக்கோட்டன் என்னும் மன்னன் இங்குத் திருப்பணி செய்தான் என்றும், கோயிலின் வயல்களுக்கு நீர் பாயக் கந்தளாய்க் குளத்தைக் கட்டினான் என்றும் கோணேசர் கல்வெட்டு முதலிய நூல்கள் பேசுகின்றன. அக்காலத்தில் அடியார்கள் கால்நடையாகவும் மாட்டு வண்டியிலும் தோணியிலும் வந்தனர். காடும் காய்ச்சலும் கடந்து வர வேண்டியிருந்தமையால், வாழ்நாளில் ஒருமுறை கோணமலையைக் கண்டவர் ஊரில் மதிக்கப்பட்டார்.

வாயில் முதன்முறை மூடியது பதினேழாம் நூற்றாண்டில். போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே 1624 ஆம் ஆண்டளவிற் கோட்டையைக் கட்டுவித்தான். அக்கோட்டையின் வாயிற் கல்லிற் பாண்டியரின் சின்னமாகிய இரட்டைக் கயல் பொறிக்கப்பட்டிருத்தலை இன்றும் காணலாம். கோயிற் கல் கோட்டைக் கல்லான கதையை அம்மீன்களே வாய் பேசாது சொல்லி நிற்கின்றன. அன்று அடியார்கள் காத்த வழிபாடு தம்பலகாமத்துக்குச் சென்று, அங்கு ஆதிகோணேசர் கோயிலாக நிலைபெற்றது. கடற்கரைக்குச் செல்ல வேண்டிய பயணம் வயற்கரைக்குச் செல்வதாயிற்று.

கோட்டை பின்னர்க் கைமாறிக்கொண்டே இருந்தது. 1639 இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1782 இற் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுவ்ரோன் பிடித்தார். உடன்படிக்கையின்படி மீண்டும் ஒல்லாந்தரிடம் சென்ற கோட்டை, 1795 இல் ஆங்கிலேயர் கையில் வீழ்ந்தது. 1803 இல் ஆங்கிலேய இளவரசரான யோர்க்குக் கோமகன் பிரடெரிக்கின் பெயர் அதற்கு இடப்பட்டது. வல்லரசுகள் இவ்வாறு போட்டியிட்டது கோயிலுக்காக அன்று. பெருங்காற்றிலும் கப்பல்கள் பாதுகாப்பாகத் தங்கக்கூடிய துறைமுகத்துக்காகவே. உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று என்னும் பெருமையே இவ்வூர் மக்களுக்குப் பல துன்பங்களைத் தேடித் தந்தது.

இத்துறைமுகத்தின் தென்பகுதியாகிய கொட்டியாரக் குடாவில் ஒரு தந்தையும் மகனும் வந்து சேர்ந்த கதையை இங்கு நினைவுகூரலாம். ஆன் என்னும் ஆங்கிலேய வணிகக் கப்பல், 1659 இல் இந்தியக் கரையிற் புயலிற் சிக்கிப் பாய்மரத்தை இழந்தது. அதனைச் செப்பனிடும் பொருட்டுக் கப்பற்றலைவர் இராபர்ட் நொக்ஸ் கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்டார். அவருடைய மகனும் அதே பெயர் உடையவன்; ஏறத்தாழப் பத்தொன்பது அகவை இளைஞன். 1660 இற் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் தந்தையையும் மகனையும் மாலுமிகள் சிலரையும் பிடித்துச் சென்றனர். அடுத்த ஆண்டே தந்தை காய்ச்சலால் இறந்தார். மகன் தன் கைகளாலேயே தந்தையைப் புதைத்தான். பின்னர்ப் பல்லாண்டு சிறைவாழ்வு வாழ்ந்து 1679 இல் தப்பினான். 1681 இல் அவன் வெளியிட்ட நூல் கண்டி நாட்டைப் பற்றிய அரிய வரலாற்றுச் சான்றாக இன்றும் போற்றப்படுகிறது. சில நாள் தங்கலாம் என்று இறங்கிய கரையில் ஒரு மகன் தன் இளமை முழுவதையும் இழந்தான். பயணம் திட்டமிட்டபடி முடிவதே பெரும் பேறு என்பதனை இக்கதை உணர்த்துகிறது.

ஆங்கிலேயர் காலத்திற் கோட்டை வாயில் சிறிதளவு திறந்தது. மலையுச்சியிற் கோயில் இல்லை. ஆயினும் பூசகர் ஒருவர் பாறை விளிம்பில் நின்று தேங்காயும் மலரும் வெற்றிலையும் கடலுக்குப் படைத்து வழிபட்ட காட்சியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் வியப்போடு எழுதி வைத்துள்ளனர். கோயில் இடிந்தாலும் கும்பிடும் இடம் மாறவில்லை. குடும்பங்கள் படையினரின் காவலைக் கடந்து, வெறும் பாறையையும் அலையையும் வணங்கி மீண்டன.

பயணத்தை எளிதாக்கியது புகையிரதமே. 1927 ஆம் ஆண்டு திருகோணமலைக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டது. மாகோச் சந்தியிற் பிரிந்து, கல்லோயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையை விட்டு விலகி, கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா வழியாக வண்டி கடலை வந்தடையும். பல நாட் பயணம் ஓர் இரவுப் பயணமாயிற்று. இதனாலேயே குடும்பப் பயணம் என்பது செல்வர்க்கு மட்டும் உரியதாக இல்லாது, ஆசிரியர், எழுதுவினைஞர், சிறு வியாபாரிகள் ஆகியோர்க்கும் கைகூடியது.

அக்காலத்துக் குடும்பமொன்று புறப்படும் காட்சியை நேயர்கள் மனக்கண்முன் கொண்டுவரலாம். கொழும்பிலிருந்து இரவுத் தபால் வண்டி. பனையோலைப் பெட்டியிற் புளிச்சோறு. ஒரு போத்தலிற் கோப்பி. சுருட்டிக் கட்டிய பாய் இரண்டு. அப்பாச்சி தம் இடுப்பிற் செருகிய முடிச்சில் உண்டியற் காசைப் பத்திரமாக வைத்திருப்பார். சிறுவர் சாளரத்தோரம் இடம் பிடித்துவிட்டு, மாகோ வருமுன்னரே உறங்கிப்போவர். விடியலிற் கந்தளாய்க் குளத்தின் காற்று முகத்திற் படும். தம்பலகாமத்து வயல்களைக் கடந்தபின், "கடல் எங்கே, கடல் எங்கே" என்று சிறுவர் கேட்கத் தொடங்குவர். "பொறு மோனே, கடல் எங்கேயும் ஓடிப்போகாது" என்பார் அப்பாச்சி. சீனக்குடாவில் நீரும் எண்ணெய்த் தாங்கிகளும் ஒருங்கே தோன்றும்.

காணும் முறைக்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. காலையில் முதற்கண் கன்னியாவுக்குச் செல்வர். ஏறத்தாழ ஐந்து கல் தொலைவு. ஏழு சிறு கிணறுகள். அடித்தரை கண்ணுக்குத் தெரியும் ஆழமே உடையவை. ஒவ்வொன்றிலும் வெப்பம் சற்றே வேறுபடும். இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் செய்யத் தண்ணீர் வேண்டி நிலத்தை வாளாற் குத்தியபோது தோன்றியவை இவை என்பது ஐதிகம். நிலத்தின் ஆழத்தே இறங்கிய நீர் அங்குள்ள வெப்பத்தால் சூடேறிப் பிளவுகளின் வழியே மேலே வருகின்றது என்பது அறிவியல். இரண்டையும் ஒருங்கே கேட்டுப் பிள்ளைகள் குழம்புவதில்லை. வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டு, எந்தக் கிணறு அதிகச் சூடு என்று வழக்காடுவதிலேயே அவர்களுக்குப் பொழுது போகும். பெரியவர்களோ அங்கு மறைந்தவர்களுக்கு அந்தியேட்டிக் கடன் செய்வர். ஒரே நீரிற் சிறுவர் சிரிப்பும் முதியோர் கண்ணீரும் கலந்த இடம் கன்னியா. அண்மைக் காலத்தில் அக்கிணறுகளைச் சூழ்ந்த நிலம் பற்றி எழுந்த பிணக்கு 2019 இல் நீதிமன்றம் வரை சென்றமையையும் வரலாறு குறித்துக்கொள்ள வேண்டும். தாய்க்குக் கடன் கழிக்க வந்தவனின் பெயரால் வழங்கும் நீர், பிள்ளைகளைப் பிரிக்கும் பொருளாகிவிடலாகாது.

கன்னியாவிற் குளித்தபின் நண்பகல் உணவு, மாலையிற் கோட்டை. மான்களுக்கு வாழைப்பழத் தோல் கொடுப்பதற்கெனச் சிறுவர் முன்னரே சேர்த்து வைத்திருப்பர். பாறையைப் பிளந்தாற்போன்ற இராவணன் வெட்டை எட்டிப் பார்த்து அஞ்சுவர். ஒல்லாந்த மங்கை பிரான்சினா வான் றீட் காதலன் பிரிவால் அப்பாறையிலிருந்து பாய்ந்தாள் என்னும் கதையும் அங்கு சொல்லப்படும். அவள் இறக்கவில்லை, பின்னர் மணம் புரிந்து வாழ்ந்தாள் என்று ஆராய்ந்தோர் கூறுவதைக் கேட்டால் சிறுவர் ஆறுதல் அடைவர்.

இரண்டாம் உலகப்போர் வாயிலை மீண்டும் அடைத்தது. 1942 ஆம் ஆண்டு ஏப்பிரில் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. நகர மக்கள் பலர் மூட்டை முடிச்சுகளுடன் உள்நாட்டுக்கு ஓடினர். ஹேமிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் அன்றே மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கியது. போரின் பின் நாடு சுதந்திரம் பெற்றும் கடற்படைத் தளம் ஆங்கிலேயரிடமே இருந்தது. 1957 ஆம் ஆண்டு ஒக்டோபரிலேயே அது இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது.

அக்காலத்திலேயே மண்ணும் கடலும் தாம் மறைத்தவற்றைத் திருப்பித் தரத் தொடங்கின. 1950 ஆம் ஆண்டு நகரசபையார் கிணறு தோண்டியபோது பழைய வெண்கலத் திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1956 இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் கோணமலையடியிற் கடலில் மூழ்கி, இடிக்கப்பட்ட கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டனர். 1963 இற் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டின் பின், மலையுச்சிக்கு ஏறிய குடும்பங்கள் பாறையை மட்டுமன்றிக் கோயிலையும் கண்டன. முன்னர் வெறும் பாறையை வணங்கிய பாட்டிமார் தம் பேரப்பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு தீபாராதனை கண்டபோது அடைந்த நிறைவை அளந்து கூற இயலாது.

அந்நிறைவு நெடுநாள் நீடிக்கவில்லை. இனப்போர் மூண்டபின் திருகோணமலை வீதிகளிற் சோதனைச் சாவடிகள் எழுந்தன. பயணம் போவது எவ்வாறு என்ற கேள்வி மறைந்து, போகலாமா என்ற கேள்வியே எஞ்சியது. தரைப்பாதை அடைபட்ட காலங்களில் யாழ்ப்பாணத்து மக்கள் காங்கேசன்துறைக்கும் திருகோணமலைக்கும் இடையே கப்பலிற் சென்று வந்தனர். 2006 ஆம் ஆண்டு ஓகத்தில் ஏ9 வீதி மூடப்பட்டபோதும் அவ்வாறே ஆயிற்று. கப்பலில் இடம் கிடைக்கும்வரை குடும்பங்கள் திருகோணமலையிற் காத்துக் கிடந்தன. அக்காலத்துச் சிறுவர் பலர்க்குக் கோணமலை முதன்முதல் அறிமுகமானது உல்லாசப் பயணத்தில் அன்று. அனுமதிச் சீட்டுக்கு நின்ற வரிசையிலேயே ஆகும். அதே ஆண்டில் மூதூர் மக்கள் தம் ஊரை விட்டே பெயர்ந்தனர். இடையில் 2004 ஆம் ஆண்டு திசம்பர் 26 ஆம் நாட் கடற்கோள், நிலாவெளி முதலிய கரைகளை அழித்தது. ஒரு தலைமுறைப் பெற்றார், தாம் சிறுவராய்க் கண்டதைத் தம் பிள்ளைகளுக்குக் காட்ட இயலாது முதுமை எய்தினர்.

2009 ஆம் ஆண்டு மே மாதத்திற் போர் முடிந்தது. அவ்வாண்டு ஒக்டோபரிற் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. 396 மீற்றர் நீளமுள்ள அப்பாலம் வருமுன்னர், மட்டக்களப்பிலிருந்து கடற்கரை வழியே வருவோர், 'பாதை' என்று கிழக்கிலங்கையார் வழங்கும் மிதவைகளிற் பல துறைகளைக் கடக்க வேண்டியிருந்தது. பாதைக்குக் காத்திருந்த நேரத்திற் பயணிகள் ஒருவரோடொருவர் அறிமுகமாகி, கொண்டுவந்த உணவைப் பகிர்ந்துண்டதை முதியோர் இன்றும் சொல்வர். ஆயினும் பழைமையின் இனிமையை மட்டும் பேசி அமைதல் தகாது. பாலம் முற்றுப்பெறாத குறிஞ்சாக்கேணியில் 2021 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் நாள் பாதை கவிழ்ந்து, பள்ளிக்குப் புறப்பட்ட சிறுவரும் உயிரிழந்தனர். ஒரு பாலம் பிந்துவதன் விலை என்ன என்பதனை அந்நாள் நாட்டுக்குக் காட்டிற்று. உல்லாசப் பயணிக்கு இனிய நினைவாகும் துறை, அவ்வூர்ப் பிள்ளைக்கு அன்றாட ஆபத்தாக இருக்கலாம்.

இன்று வாயில் திறந்திருக்கிறது. இலண்டனிலும் தொரன்ரோவிலும் பிறந்த பேரப்பிள்ளைகள் தம் பாட்டனார் ஊரைக் காண வருகின்றனர். பெரும் பூங்காக்களைக் கண்டு பழகிய கண்கள் அவை. அவர்களை முதன்முறை அழைத்து வருவோர் சில செய்திகளைக் கருத்திற் கொள்ளுதல் நலம். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் காலத்திற் கீழ்க்கடல் கொந்தளிக்கும். மே முதல் செத்தெம்பர் வரை அமைதியாயிருக்கும். நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்காவாக விளங்குகிறது. அங்குள்ள பவளப் பாறைகளின்மீது கால் வைத்தலும் அவற்றை ஒடித்தலும் ஆகா. விரலளவு வளர ஆண்டுகள் பல வேண்டும், ஒடிக்க ஒரு நொடி போதும். ஆழ்கடல் கரைக்கு மிக அண்மையில் இருத்தலால் நீலத் திமிங்கிலங்கள் இப்பகுதிக்கு வருகின்றன. வாய்ப்பு இருந்தால் கோயில் மலையில் நின்றே அவற்றின் மூச்சு நீர்த்தூணாய் எழுதலைக் காணலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்ட முயல்வது சிறுவரைக் களைப்படையச் செய்யும். இரண்டு இரவாயினும் தங்குவதே தக்கது.

இவை யாவற்றிலும் மேலானது ஒன்று உண்டு. கேளிக்கைப் பூங்காவிற் சிறுவர் அஞ்சுவது, அஞ்சுமாறு அமைக்கப்பட்ட பொறிகளைக் கண்டு. வண்டி நின்றதும் அச்சமும் நின்றுவிடும். கோணமலையின் அச்சங்கள் மெய்யாகவே நிகழ்ந்தவை. ஆதலின் பெரியோர் கதை சொல்லாது வாளா நடந்துவிட்டால், பிள்ளைகள் ஒரு பாறையையும் சில மான்களையும் மட்டுமே கண்டு திரும்புவர். கோட்டை இன்றும் படையினரின் தங்குமிடமே. அதன் வாயிலிற் சிறிது நேரம் நின்று, கல்லிற் பொறித்த கயல்களைச் சிறுவர் தம் விரலாற் சுட்டச் செய்ய வேண்டும். இக்கல் ஒருகாலத்திற் கோயிலாக இருந்தது, பின்னர்க் கோட்டையாயிற்று, இவ்வழியே செல்ல உன் பாட்டனாரின் பாட்டனார்க்கு அனுமதி இருக்கவில்லை, இன்று நீ ஓடிச் செல்கிறாய் என்று சொல்லுதல் வேண்டும்.

அதனைக் கேட்ட பிள்ளை ஒரு கணம் நின்றுவிட்டு மான்களின் பின்னே ஓடிவிடும். ஓடட்டும். அச்சமின்றி ஒரு பிள்ளை அவ்வாயிலைக் கடந்து ஓடுவதே நான்கு நூற்றாண்டு வரலாற்றில் அரிதாய்க் கிடைத்த செல்வம். அவ்வாயில் இனி எந்தக் குடும்பத்துக்கும் மூடாதிருக்கச் செய்தல் பெரியோர் கடனாகும்.